கொம்பையாவுக்கு வந்தது ரேஷஸ்

மஞ்சணத்திக் குட்டைக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவருக்கு இரண்டு பெரிய கொம்பு இருந்தது. அதற்கு மேல் தகுதி கேட்கிற பழக்கம் அந்தக் காட்டில் இல்லை.

தலைவர் ஒரு கடமான். பெயர் கொம்பையா. மலையடிவாரத்தில் உடைமரமும் முள்ளுமாகக் கிடந்த அந்தக் காட்டில், கோடையில் வற்றாத தண்ணீர் என்றால் அந்தக் குட்டைதான். மான், பன்றி, முயல், மயில், நரி, எல்லாரும் அங்கேதான் வாய் வைக்க வேண்டும். யார் எப்போது இறங்கலாம், எந்தக் கரையில் நிற்கலாம் என்பதைச் சங்கம் முடிவு செய்யும். சங்கம் முடிவு செய்யும் என்றால், கொம்பையா சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதற்கு ஏகமனதான தீர்மானம் என்று பெயர்.

அப்படி ஏகமனதாக வந்த தீர்மானங்களில் ஒன்று: சொறி பிடித்த யாரும் குட்டைப் பக்கம் வரக் கூடாது.

அந்தக் கோடையில் முதலில் சொறி பிடித்தது பேச்சிக்கு. பேச்சி ஒரு நரி. அப்போதுதான் மூன்று குட்டி போட்டிருந்தாள். விலாவில் முடி கொட்டி, தோல் பொருக்குத் தட்டி, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அரித்துக்கொண்டிருந்தது அவளுக்கு. அவள் எதையும் மறைக்கவில்லை. நேராகச் சங்கத்திடம் வந்து, எல்லாரும் குடித்து முடித்த பிறகு, தண்ணீர் வழிந்து வெளியே போகிற ஓரத்தில் நின்று குடித்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

சங்கம் விசாரித்தது. எந்தப் புதரில் படுத்தாய், யார் வளைக்குள் நுழைந்தாய், எதைத் தின்றாய், உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வடிவு என்ற மயில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இறக்கையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். மற்றவர்களின் கேள்விகளை எல்லாம் விட அது தெளிவாக இருந்தது.

"பிள்ளைகளாவது குடிக்கட்டும் அண்ணாச்சி. அதுகளுக்கு ஒண்ணும் இல்ல. நான் வெளியவே நிக்கேன்" என்றாள் பேச்சி.

"சொறி நரி பெத்தது சொறிக் குட்டிதானளா?" என்றார் கொம்பையா.

தலைகள் ஆடின. தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகு பேச்சி தண்ணீருக்குப் போக வேண்டிய இடம், தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாறைச்சுனை. ரோட்டில் கல் குவாரி லாரிகள் ஓடும். எதிரில் வருவது நரியா காற்றா என்று பார்க்கிற வேகத்தில் அவை ஓடுவதில்லை. ஒருநாள் ஒரு லாரி கடந்த காற்றிலேயே கடைக்குட்டி உருண்டுபோய்ப் பள்ளத்தில் விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ரோட்டைக் கண்டாலே கால் மடங்கி உட்கார்ந்துவிடும். பேச்சி அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடி அக்கரையில் போடுவாள். திரும்பி வந்து அடுத்ததைக் கவ்வுவாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி அதே பாடு. குட்டி பிழைக்க நாக்கு நனைய வேண்டும். நாக்கு நனைய ரோட்டைக் கடக்க வேண்டும். ஒரு தாய் எதை நினைத்துப் பயப்படுவது என்று சங்கம் தீர்மானம் எதுவும் போடவில்லை.

இந்த நிலையில்தான் கொம்பையாவுக்குக் கழுத்தில் அரித்தது.

ஈ என்று நினைத்தார். தலையை உதறினார். மறுநாள் மார்பிலும் அரித்தது. ஒரு மஞ்சணத்தி மரத்தில் போய் உரசு உரசு என்று உரசினார். மரத்துக்குப் பட்டை உரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மரத்தில் அவருடைய முடி கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கொம்பையாவுக்குத் தாம் போட்ட தீர்மானம் நினைவுக்கு வந்தது. அவ்வளவு கச்சிதமாக அதைப் போட்டிருக்க வேண்டாமோ என்றும் முதல் தடவையாகத் தோன்றியது.

நம்பிராசனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நம்பிராசன் ஒரு குரங்கு. டவுனில் ஒரு தோல் டாக்டர் கிளினிக்கின் சன்ஷேடில் கொஞ்ச காலம் குடியிருந்தவர். காத்திருக்கிற நோயாளிகளின் பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து எடுத்து, கடைசியில் கம்போடு துரத்தப்பட்டுக் காடு வந்து சேர்ந்தவர். திருடப் போன இடத்தை எல்லாம் படித்த இடம் என்று சொல்லிக்கொள்ளும் வசதி சிலருக்கு உண்டு. காட்டில் எல்லாரும் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள்.

டாக்டர் கொம்பையாவின் கழுத்து முடியை விரலால் விலக்கிப் பார்த்தார். வாயை ஒரு பக்கமாகக் கோணி யோசித்தார். கிளினிக்கில் அப்படித்தான் யோசிப்பார்களாம்.

"என்னவே டாக்டர்... சொறியா?" கொம்பையா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சேச்சே. என்ன வார்த்தை அண்ணாச்சி அது, உங்க வாயில வரலாமா? இது ரேஷஸ்."

"ரே...?"

"ரேஷஸ். இங்கிலீஷ்."

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இதமாக இருந்தது. அரிப்பு ஒரு துளி கூடக் குறையவில்லை. ஆனால் அரிப்புக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது.

வார்த்தையைக் கொடுத்தால் மட்டும் போதுமா? அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டாமா? டாக்டர் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ரேஷஸ் என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. 'லேசா ரேஷஸ்' என்று சொல்ல வேண்டும். உடம்பில் பாதி முடி போயிருந்தாலும் 'லேசா' கட்டாயம். சொல்லும்போது கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து ஒரு பெருமூச்சு விட்டால் இன்னும் நல்லது. கூடவே ஒரு காரணமும் சொல்ல வேண்டும்: வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தூசி ஒத்துக்கொள்ளவில்லை, புதுப் புல் ஒத்துக்கொள்ளவில்லை. தன்மேல் மட்டும் எந்தக் காரணமும் வந்துவிடக் கூடாது. சொறி என்பது பிடிப்பது. திருடனைப் பிடிக்கிற மாதிரி. ரேஷஸ் அப்படி இல்லை. அது வரும். விருந்தாளி மாதிரி. ஒருத்திக்குச் சொறி பிடித்தால் அவள் என்ன செய்தாள் என்று கேட்பார்கள். ஒருவருக்கு ரேஷஸ் வந்தால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள்.

இந்தக் கடைசி விதி கொம்பையாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று அன்றே சங்கம் கூடிக் கேட்டது. குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்கப் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரேஷஸ் வந்தவர்களுக்குக் குட்டையில் முதலிடம் என்று தீர்மானம் வந்தது. தலைவர் படும் பாட்டை நினைத்து வடிவு மயில் அழுதேவிட்டாள். இவ்வளவு மென்மையான தோலை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் எப்படித்தான் எங்களுக்காக உழைத்தீர்கள் அண்ணாச்சி என்று கேட்டாள். கொம்பையா கழுத்தைச் சாய்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பாடம் நன்றாகவே ஏறியிருந்தது.

அவர் போய்க் குட்டை நடுவில் படுத்தார். அந்தத் தண்ணீரைத்தான் எல்லாரும் குடித்தார்கள்.

பிறகு நடந்தது என்ன என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வடிவுக்கு இறக்கைக்கு அடியில் அரித்தது. அவள் அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போனாள், கல்யாணம் நிச்சயமான மாதிரி. அப்புறம் இரண்டு மான்களுக்கு வந்தது. பன்றிக்கும் வந்தது. பன்றியைப் பார்த்ததும் டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. சேற்றில் புரள்கிறவனுக்கு ரேஷஸ் கொடுத்தால் அந்த வார்த்தையின் மதிப்பு என்ன ஆவது? நிறைய யோசித்து, ரேஷஸ் வரைக்கும் போக முடியாது, அலர்ஜி வரைக்கும் தரலாம் என்றார். பன்றி அதுவே போதும் என்று ஒரு குவியல் கிழங்கைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனான். ஒன்றுமே வராத முயல் ஒன்று, தன் வீட்டுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் இல்லையே என்று ஏங்கி, தோல் சிவக்கும் வரை கல்லில் தேய்த்துக்கொண்டது.

குட்டையில் முடி மிதந்தது. தண்ணீர் நாறத் தொடங்கியது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரேஷஸ் வந்தவர்கள் படுத்திருக்கும் தண்ணீரைக் குறை சொல்வது பண்பாடு இல்லை.

இந்தச் சேதி பேச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. குட்டைக்கரைக்கு வந்து, மேட்டில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"டாக்டர் அண்ணாச்சி. எனக்கும் ரேஷஸ்தான்."

குட்டையில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெல்லாம் அவங்கவங்க எடுத்து வச்சுக்கிட முடியாது. நான் பாத்துச் சொல்லணும்."

"பாத்துச் சொல்லுங்களேன். எனக்கு அரிக்குது, அவருக்கும் அரிக்குது. எனக்கு முடி கொட்டுது, அவருக்கும் கொட்டுது. இதுல எது சொறி, எது ரேஷஸ்?"

"நீ காலால சொறியுத. அண்ணாச்சி மரத்துல உரசுதாரு."

"எனக்குக் கால் எட்டுது, சொறியுதேன். அவருக்கு எட்டல. எட்டுனா அவரும்தான் சொறிவாரு."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "உன்னோடது பரவும்ளா."

"அண்ணாச்சிக்கு வந்து, வடிவு மதினிக்கு வந்து, மானுக்கு வந்து, இப்பம் பன்றிக்கும் வந்திருக்கே. அதுக்குப் பேரு என்ன?"

"அது... சீசன்."

பேச்சி விடவில்லை. நான் உங்கள் வார்த்தையைக் கேட்கவில்லை, அந்த வார்த்தைக்கு நீங்கள் கொடுக்கிற தண்ணீரைத்தான் கேட்கிறேன் என்றாள். ரோட்டையும் லாரியையும் கடைக்குட்டியையும் பற்றிச் சொன்னாள். மான்களில் ஒன்று தலையைக் குனிந்துகொண்டது. அதைப் பார்த்ததும் கொம்பையா குட்டை நடுவிலிருந்து எழுந்தார். எழுந்திருக்கவே கொஞ்சம் சிரமப்பட்டார். படுத்துப் படுத்து அடியில் சேறு குழைந்து போயிருந்தது.

சொறி பிடித்தவர்கள் எவரும் இனி ரேஷஸ் என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார். தன்னைப் பற்றியும் கூடாது, பிறரைப் பற்றியும் கூடாது. யாருக்கு என்ன வியாதி என்று சொல்லும் உரிமையே சொறி பிடித்தவர்களுக்குக் கிடையாது. வார்த்தை அசுத்தமாகிவிடும் அல்லவா?

தலைகள் ஆடின. குனிந்திருந்த தலையும் சேர்ந்து ஆடியது.

வாதத்தில் பேச்சிதான் ஜெயித்தாள். ஜெயித்தவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சங்கத்திலும் விதி இல்லை. அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனாள்.

வெயில் ஏறியது. பாறைச்சுனை சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் ஈரமான பாசி மட்டும் மிஞ்சியது. குட்டிகள் பாசியை நக்கின. மறுநாள் பாசியும் காய்ந்தது.

அன்று மத்தியானம் பேச்சி மூன்று குட்டிகளையும் ஓட்டிக்கொண்டும் கவ்விக்கொண்டும் குட்டைக்கரைக்கு வந்தாள். உடைமர நிழலில் படுத்துவிட்டாள். விரட்டினால் விரட்டட்டும், இனி நடக்க வழியில்லை. கடைக்குட்டிக்கு வாய் திறந்தே இருந்தது. மூட அதற்குத் தெம்பு இல்லை.

விரட்ட யாரும் வருவதற்குள் வடிவு மயில் அலறிக்கொண்டு மரத்தில் ஏறினாள். பெரியவர் வந்துவிட்டார்.

புலியின் பேரைச் சொல்ல அந்தக் காட்டில் எல்லாருக்கும் பயம். பெரியவர் என்றுதான் சொல்வார்கள். மலைமேல் தண்ணீர் வற்றியதால் இறங்கி வந்திருந்தார். மான்கள் பறந்தன. பன்றி புதருக்குள் பாய்ந்தான். டாக்டர் மரத்தின் உச்சாணிக்குப் போய்விட்டார். கொம்பையாவும் பாய்ந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் நாலு காலும் சேற்றுக்குள் இன்னும் ஆழமாக இறங்கின. வயிறு வரைக்கும் புதைந்து, கொம்பு மட்டும் கம்பீரமாகத் தெரிய நின்றார்.

பேச்சி ஓடவில்லை. குட்டிகளை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? அவற்றின் மேல் கவிந்து படுத்துக்கொண்டாள். பெரியவர் முதலில் அவளிடம்தான் வந்தார்.

"ஏளா, நீ ஏன் ஓடல?"

"எனக்குச் சொறி, ஐயா" என்றாள் பேச்சி. "பிள்ளைகளுக்கும் நாளைக்கு வரும்."

பெரியவர் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். ஒரு சமயம் ஊர் எல்லையில் ஒரு சொறி நாயைத் தின்றுவிட்டு ஒரு மாதம் படாத பாடு பட்டவர் அவர். அன்றிலிருந்து தோலைப் பார்க்காமல் எதிலும் வாய் வைப்பதில்லை. அப்படியே திரும்பிக் குட்டையைப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய கடமான் ஓட முடியாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனால் கழுத்தில் முடி இல்லை.

"இவனுக்கும் உனக்கு இருக்கதுதானா?" என்று பேச்சியைக் கேட்டார்.

ஆமாம் என்றால் கொம்பையா பிழைப்பார். இல்லை என்றால் குட்டையும் பேச்சிக்கு, பெரியவர் விட்டுப்போகிற மிச்சக் கறியும் பேச்சிக்கு. அவள் கொஞ்ச நேரம் கொம்பையாவையே பார்த்தாள். கொம்பையாவும் அவளைப் பார்த்தார். அவருடைய வாழ்நாளில் அவளை அவ்வளவு மரியாதையாக அவர் பார்த்ததே இல்லை.

"யாருக்கு என்ன வியாதின்னு நான் சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு, ஐயா" என்றாள். "தலைவரு போட்டது. அவருகிட்டயே கேளுங்க."

பெரியவர் குட்டை ஓரத்துக்குப் போனார். "என்னலே, சொறியா?"

பாருங்கள், பழக்கம் எவ்வளவு பொல்லாதது. உயிர் போகிற நேரத்திலும் அந்த வார்த்தை கொம்பையாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சேற்றில் நின்றபடியே கழுத்தைச் சாய்த்தார்.

"சொறியா? எனக்கா? லேசா ரேஷஸ்."

"அப்படின்னா?"

கொம்பையா தமக்குச் சொல்லிக் கொடுத்ததோடு தாமும் கொஞ்சம் சேர்த்து வரிசையாக ஒப்பித்தார். அது கண்டவர்களுக்கும் வராது என்றார். நல்ல குடும்பம், நல்ல சாப்பாடு, நல்ல வளர்ப்பு, அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும்தான் வரும். தோல் ரொம்ப ரொம்ப மென்மையாக இருப்பதுதான் காரணம். பெரியவர் தலையைச் சாய்த்து ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

"தோலே அவ்வளவு மென்மைன்னா கறி எப்படி இருக்கும்?" என்றார்.

கொம்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார். "டாக்டர், என்னன்னு நீரே சொல்லும்வே."

டாக்டர் மேலே இலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தாம் கிளினிக்கின் சன்ஷேடில்தான் இருந்ததாகவும், உள்ளே ஒருநாளும் போனதில்லை என்றும், தம்மைப் போய்க் கேட்டால் தமக்கு என்ன தெரியும் என்றும் அங்கிருந்தே சொன்னார். அவர் காட்டுக்கு வந்த பிறகு சொன்ன முதல் உண்மை அதுதான்.

பெரியவர் முன்னங்காலைச் சேற்றில் வைத்தார்.

"சொறி" என்றார் கொம்பையா, மெதுவாக.

"காதுல விழல."

"சொறி, ஐயா. எனக்குச் சொறி."

"நல்ல குடும்பத்துக்கு வர்றதுன்னியே?"

"இல்ல ஐயா. அந்தா படுத்திருக்காளே பேச்சி, அவளுக்கு இருக்க அதே சொறி. ஒரு வித்தியாசமும் இல்ல. முடிய வேணும்னா பாருங்க, அப்படியே கையோட வரும்!"

பெரியவர் காலை இழுத்துக்கொண்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அவர் எதுவும் கேட்கவே இல்லை. ஆனால் கிளையிலிருந்து வடிவு, தனக்கும் சொறிதான், இறக்கைக்கு அடியில் பயங்கரச் சொறி என்றாள். தூரத்து முள்ளுக்குள்ளிருந்து மான்கள் தங்களுக்கும் என்றன. அலர்ஜியோடு நிறுத்தப்பட்டிருந்த பன்றி, புதருக்குள்ளிருந்து தனக்கும் முழுச் சொறி என்று கத்தினான். கல்லில் தேய்த்துக்கொண்ட முயல் கூட, தன் பரம்பரைக்கே சொறி என்றது. ஒரு நிமிடத்தில் அந்தக் காட்டில் ரேஷஸ் என்ற வியாதி அடியோடு ஒழிந்தது. எந்த மருந்தும் அவ்வளவு வேகமாகக் கேட்டதில்லை.

பெரியவர் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். முடி மிதந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, குடிக்காமலேயே வேறு பக்கம் போய்விட்டார்.

பேச்சிதான் முதலில் எழுந்தாள். கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு, மற்ற இரண்டையும் முன்னால் தள்ளிக்கொண்டு, கொம்பையாவின் மூக்குக்கு நேராகவே நடந்தாள். ஊற்று கசிந்து உள்ளே வருகிற மூலையில், தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருந்த இடத்தில், குட்டியை இறக்கினாள்.

கொம்பையா சேற்றில் நின்றபடி கனைத்தார். உயிர் திரும்பினால் கூடவே பதவியும் திரும்பிவிடும் போல. "பேச்சி, இதெல்லாம் சங்கம் கூடித்தான் முடிவு செய்யணும்" என்றார்.

"கூடுங்க அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "சொறி பிடிச்ச யாரும் குட்டைப் பக்கம் வரக் கூடாது. நீங்க எல்லாரும் கூட்டத்தை எங்க வச்சுக்கிடப் போறீங்க? ரோட்டுக்கு அந்தப் பக்கமா?"

யாரும் தலையாட்டவில்லை. எந்தப் பக்கம் ஆட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. கடைக்குட்டி மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுக் குடித்தது. புரையேறித் தும்மியது. மறுபடி குடித்தது.

ஒரே அரிப்புக்கு ஆளுக்கொரு பெயர் வைக்கிறவர்கள் வியாதியைப் பார்த்து வைப்பதில்லை, ஆளைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.